தாய்க்கசத்தைப் பற்றி நான் எழுதாமல் விட்டது

பாப்பா,

நீ மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். நான் கீழே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உனக்கே கடிதம் எழுதுகிறேன். பன்னிரண்டு படி ஏறி வந்து சொல்ல வேண்டியதை எழுதிக்கொடுக்கிற அப்பனை நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். நேரில் உட்கார்ந்தால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவேன். இருபது வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், அதில் எனக்கு நல்ல பழக்கம்.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாய்: "நைனா, அங்க சேந்தவுடனே மொதல்ல படிக்கச் சொன்ன ரிப்போர்ட்டே உன்னுதுதான். அதுலேர்ந்துதான் நான் ஆரம்பிக்கப் போறேன்." உன் அம்மா முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோனேன். வாயுத் தொல்லை என்றேன். வாயுவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மலை ஆற்று மீன்களைப் பற்றி நான் எழுதிய அந்த அறிக்கை பொய் அறிக்கை, பாப்பா. அதில் இருக்கிற அளவுகள் எல்லாம் சரி. அவற்றிலிருந்து நான் கொண்டுபோய் நிறுத்திய முடிவு பொய். தெரிந்தே எழுதினேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எண்ணூர் கழிமுகத்தில் வலை போட்ட வீட்டுப் பிள்ளை மலைக்குப் போய் மீன் எண்ணுகிறான் என்று நம் குப்பத்தில் என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. "கடலாண்ட பொறந்துட்டு மலையில போயி மீன் தேடிகினு கீறான் பாரு" என்பார்கள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும். உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வருடத்தில் எட்டு மாதம் நான் வீட்டில் இல்லை. இப்போது நீ வேலைக்குப் போகிற அதே புலிகள் காப்பகத்தின் ஓடைகளில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வலை வீசி, மீனை அளந்து, எடை போட்டு, திரும்பத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தேன். குடும்பத்துக்காகக் காட்டில் கஷ்டப்பட்டேன் என்றுதான் நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள், நானும் மறுத்ததில்லை. உண்மை என்னவென்றால் நான் அங்கே சந்தோஷமாக இருந்தேன். தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் தெரியும். மூச்சு இழுத்தால் நெஞ்சு முழுக்க நிறையும். திருவொற்றியூருக்கு வந்தால் நாலாவது நாளே கொடியில் காய்கிற துணியில் படிந்த தூசியைப் பார்த்து உன் அம்மாவிடம் எரிந்து விழுவேன். அந்தத் தூசியிலேயே உங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு மறுபடி வண்டி ஏறுவேன். நல்ல காற்று எனக்கு, மூச்சிழுப்பு உனக்கு. இதை ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் காட்டில் எனக்கு வழிகாட்டியாக வந்தவர் வேலன். மலைக்குடியைச் சேர்ந்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். காவலர் வேலையில் தற்காலிகமாக இருந்தார். ஆறு வருடம் என் வலையையும் தராசையும் தோளில் சுமந்தவர். யானை நிற்கிற திசையை எனக்கு முன்னால் மோந்து சொல்லி இரண்டு முறை என் உயிரைக் காப்பாற்றியவர். நான் கருப்பட்டிக் காப்பி போட்டால் குடித்துவிட்டு, "இது காப்பி இல்ல சார், கஷாயம்" என்பார்.

கோடையில் அந்த ஆறு ஓட்டம் நின்று, தனித்தனிக் கசங்களாகத் தேங்கும். கசம் என்றால் ஆற்றில் ஆழமான குண்டு. அந்த நேரத்தில் அவர்கள் ஊரே சேர்ந்து வருடத்துக்கு ஒரு நாள் மீன் பிடிக்கும். ஒரு காட்டுக் காயை இடித்துத் தண்ணீரில் கலக்குவார்கள். மீன் மயங்கி மேலே வரும், வேண்டியதைக் கூடையில் அள்ளுவார்கள். மீதி மீன் கொஞ்ச நேரத்தில் தெளிந்து நீந்திப் போய்விடும். ஒரு வருடம் ஒரு கசம்தான். எந்தக் கசம் என்பதைப் பெரியவர்கள் கூடிச் சொல்வார்கள். இந்த வருடம் கலக்கிய கசத்தை அடுத்த நாலு வருடம் தொடமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பாறைக்கு அடியில் ஒரு கசம் இருக்கிறது. தாய்க்கசம் என்று பெயர். அதில் யாரும் கை வைப்பதில்லை. மலைக்கெண்டைகள் முட்டையிட அங்கேதான் வரும். வெளி ஆளுக்கு அதைக் காட்டும் வழக்கமே அவர்களிடம் இல்லை. ஐந்தாவது வருடம் வேலன் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். செருப்பைக் கழற்றச் சொன்னார். என் கை நீளத்துக்குக் கெண்டைகள் அடியில் நின்றன. "எழுதுறவருக்குத் தெரிஞ்சிருக்கணும் சார். நாளைக்கு எவனாவது நாங்க மீனை அழிக்கிறோம்னு சொன்னா, நீங்க இதைச் சொல்லணும்" என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

எனக்கு அதைப் புரியவைக்க யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நம் கழியில் பாடு என்று ஒரு முறை இருந்தது உனக்குத் தெரியும். இன்றைக்கு இந்தக் குடும்பங்கள், நாளைக்கு அந்தக் குடும்பங்கள் என்று முறை வைத்து வலை போடுவது. அந்த முறையில் வளர்ந்தவன் நான். அனல்மின் நிலையத்துச் சாம்பல் கழியை மேடாக்குவதற்கு முன்னால் ஒரு நிபுணர் வந்து பார்த்துவிட்டு, இங்கே சொல்லிக்கொள்ளும்படி மீன்பிடித் தொழில் எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். என் அப்பா சாகிறவரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு நாளு ஜீப்புல வந்தான். சேறு படாம கரையிலயே நின்னான். அப்டியே பூட்டான். இங்க மீன் புடிக்கிறவனே இல்லன்னு எய்தி வெச்சிட்டான்டா. அப்ப நான் யாரு?" அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் இந்தப் படிப்புக்கே போனேன். எழுதுகிற இடத்தில் நம் ஆள் ஒருவன் உட்கார வேண்டும் என்று வீறாப்பு. உட்கார்ந்தேன். உட்கார்ந்து என்ன கிழித்தேன் என்பதைக் கேள்.

உனக்கு ஏழு வயதாக இருந்தபோது, அந்தக் கோடையில் முதல் மழை பெய்த மறுநாள் ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. ஒன்று இரண்டு அல்ல, வளைவுக்கு வளைவு வெள்ளை வயிறு. காப்பகத்து எல்லைக்கு மேலே ஒரு தனியார் எஸ்டேட் இருந்தது. நானும் வேலனும் ஓடையைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினோம். பூச்சிமருந்து டப்பாக்கள் ஓடைக்கரையில் கவிழ்ந்து கிடந்தன. மழை அதைக் கழுவி இறக்கியிருந்தது. எஸ்டேட் ஓடை ஆற்றில் சேருகிற இடத்துக்கு மேலே மீன்கள் உயிரோடு இருந்தன, கீழே எல்லாம் செத்திருந்தன. இதைவிடத் தெளிவாக எந்த ஆறும் சாட்சி சொல்லாது. எல்லாவற்றையும் என் குறிப்பேட்டில் எழுதினேன். அந்த வருடம் வேலன் ஊரார் ஆற்றில் காயே கலக்கவில்லை என்பதையும் எழுதினேன்.

அப்போது என் ஆய்வு அனுமதி முடியப் போகிற நேரம். நீட்டித்துக் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி விருந்தினர் விடுதிக்கு வந்தார். மிரட்டுகிற ஆள் இல்லை, சிரித்த முகம். "எஸ்டேட் விவகாரம் நமக்கு எதுக்கு சார்? அது எங்க எல்லையிலயே இல்ல. நீங்க மீன் ஆளு, மீனைப் பத்தி எழுதுங்க. நான் வியாழக்கிழமை வரேன், ரிப்போர்ட்டைக் குடுங்க, அனுமதியை வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். என் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. அந்த ஆற்றைவிட்டுப் போகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. அங்கே எனக்கு இருந்த சந்தோஷத்தைப் பற்றிச் சொன்னேனே, அது போய்விடுமே என்று பயந்தேன். திங்கட்கிழமை உட்கார்ந்து எழுதி முடித்தேன். மீன்வளம் குறைவதற்கு முதன்மைக் காரணம் உள்ளூர் மக்கள் விஷத் தாவரங்களைக் கலந்து மீன் பிடிப்பது என்று ஒரு வரி. தாய்க்கசத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கசம் மாற்றும் முறை இல்லை. எஸ்டேட் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் ஒரு ஆற்றையே மறைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. உனக்கு இழுப்பு முற்றி, ராயபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே வரவும் என்று.

இதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று உனக்கு ஒரு கதை தெரியும். நம் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். மழையில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது, ஜீப் வர வழியில்லை, உன் நைனா இரண்டு நாள் காத்திருந்து பார்த்துவிட்டுக் காட்டு வழியாக நடந்தே இறங்கி, பஸ் பிடித்து ஓடி வந்தார் என்கிற கதை. உன்னைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோதுகூட அம்மா பக்கத்தில் இருந்த யாரிடமோ அதைச் சொன்னாள். பாப்பா, அந்தப் பாலம் எங்கும் போகவில்லை. அது கருங்கல் பாலம், எங்கும் போகாது. வருகிற செவ்வாய்க்கிழமை நீ அதன் மேல்தான் போகப் போகிறாய், டிரைவரே சொல்லிவிடுவான். செய்தி வந்தபோது வாசலில் ஜீப் நின்றது. வேலன் என் பையை எடுத்து வண்டியில் வைத்துவிட்டார். நான் இறக்கச் சொன்னேன். வியாழக்கிழமை அதிகாரி வருவார், கையெழுத்து வாங்கிவிட்டுக் கிளம்பலாம், குழந்தையை ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தாகிவிட்டதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேலன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பையை இறக்கிக் கொண்டுபோய் அறையில் வைத்தார். அந்த இரண்டு நாளும் நீ முகத்தில் குழாயோடு என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாய் என்று அம்மா பிறகு சொன்னாள். நான் விடுதித் திண்டில் சாய்ந்துகொண்டு அறிக்கைக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. பின்னால் மனசு உறுத்தும்போதெல்லாம், குழந்தைக்கு உடம்பு சரியில்லாத பதற்றத்தில் அவசரமாக எழுதிய அறிக்கை, அதனால்தான் சில விஷயங்கள் விட்டுப்போயின என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஓரிரு நண்பர்களிடமும் சொன்னேன். செய்தி வந்தது செவ்வாய். எழுதி முடித்தது திங்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது போல ஏழு வயதுப் பிள்ளையின் மூச்சுத் திணறலை என் தப்புக்குப் போர்வையாகப் போட்டேன். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதில் முதலாவது இதுதான்.

அறிக்கை மேலே போனது. ஒரு வருடத்துக்குள் அந்த ஊரார் ஆற்றில் இறங்கத் தடை வந்தது. ஆற்றில் இறங்குகிற துறைப்பக்கம் ஒரு காவல் குடிசை போட்டார்கள். அடுத்த வருடம் வேலனின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற ஆற்றுப் பொடிமீனைக் குழம்பு வைத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம். உன்னைப் பெற்றபோது உன் அம்மாவுக்குக் காசிமேட்டிலிருந்து தினமும் பால்சுறா வந்ததே, அதே போலத்தான். வேலன் மகளுக்காக ஒரு கூடையை ஆற்றில் வைத்தார். குடிசைக் காவலர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். பதினைந்து நாள் உள்ளே இருந்தார், வேலையும் போனது. இத்தனைக்கும் நான் அதே ஆற்று மீன் இரண்டை, எந்த அனுமதியும் இல்லாமல், ஊறுகாய் பாட்டிலில் போட்டு உனக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். நீ அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனாய். உன் டீச்சர் என்னைப் பாராட்டி அனுப்பினார்.

நாலு வருடம் கழித்து நான் வேலனை அடிவாரத்தில் பார்த்தேன். யாருடைய வீட்டுக்கோ செங்கல் சுமந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பாப்பாவுக்கு இப்ப சுகமா சார்?" என்றுதான் முதலில் கேட்டார்.

சுகம் என்றேன்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தாய்க்கசத்தைப் பத்தி எழுதினீங்கள்ல?"

"எழுதினேன் வேலா. மேல இருக்கிறவங்க அதை எடுத்துட்டாங்க" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அவர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "நானும் ஊர்ல அதைத்தான் சார் சொன்னேன். அவரு எழுதியிருப்பாரு, அவரு மேல தப்பு இருக்காதுன்னு. இவங்கதான் நம்பல" என்றார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. கேட்டால் முட்டி வலி என்றேன். மலைக்கெண்டை தொடர்ந்து குறைந்துகொண்டே வருகிறது என்று நீயே சொன்னாய். குறையாமல் என்ன செய்யும், எஸ்டேட் அங்கேயேதான் இருக்கிறது.

இப்போது நீ அங்கே போகிறாய். உன்னை யாராவது முறைப்பார்கள், தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்கள் என்று எனக்குப் பயமில்லை. வேலன் இன்னும் இருக்கிறார், விசாரித்துவிட்டேன். இன்னார் பெண் என்று தெரிந்தால் உன்னை உட்காரவைத்துச் சோறு போடுவார். உன்னை நம்புவார். தாய்க்கசத்துக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போனாலும் போவார். என் பொய்யை நம்பி அவர் போடுகிற சோற்றை, விஷயம் தெரியாமல் நீ சாப்பிடுவாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேற்று தட்டை வைத்துவிட்டு எழுந்தது அதற்காகத்தான்.

புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அந்த வேலையில் முப்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். அட்டைக்கு உப்பைவிடப் புகையிலைத் தண்ணீர் நல்லது. இழுப்பு மருந்தை எப்போதும் சட்டைப் பையிலேயே வை, முதுகுப் பையில் போடாதே. முடிவுரையை அதிகாரியின் விடுதியில் உட்கார்ந்து எழுதாதே, அங்கே தருகிற டீ நன்றாக இருக்கும். காரணம் என்று எதையாவது எழுதும்போது, அந்த வரியை அந்த ஊரில் வாசித்துக் காட்ட முடியுமா என்று பார். வாசிக்க நாக்கு எழவில்லை என்றால் எழுதாதே. அந்த இடம் உனக்குப் பிடித்துப்போகும், கட்டாயம் பிடித்துப்போகும். அப்போது ஜாக்கிரதையாக இரு. எனக்கு அங்கேதான் சறுக்கியது.

இன்று காலையில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் ஏன் உன்னிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை என்று நீ கேட்டாயே, அதற்குக் காரணம் இதுதான். அறிக்கை, எஸ்டேட், வேலன் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். பாலத்துக்கு வந்ததும் கை நின்றது. "கொயந்த மூச்சு வுட முடியாம கெடந்துச்சு. நான் அந்தப் பாலத்தத் திட்டிகினு இருந்தேன், இத்தினி வருசமா" என்றாள். கீரையை ஒதுக்கிவைத்துவிட்டு, "அந்தாளாண்ட போய் சொன்னியா நீ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?" என்று எழுந்துபோய்விட்டாள். அவள் கேட்டது சரிதான்.

அதனால் இரண்டு காரியம் செய்திருக்கிறேன். குறிப்பேட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அந்தக் கோடையில் பார்த்தது எல்லாம் தேதியோடு அதில் இருக்கிறது. என் அறிக்கையின் முடிவு தவறு, தெரிந்தே எழுதிய தவறு என்று வனத்துறைக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன். அதன் நகலும் இருக்கிறது. உன் வேலையை இரண்டையும் வைத்துக்கொண்டு ஆரம்பி. என் பெயரைப் போட்டே, இவர் எழுதியது தவறு என்று எழுது. இதனால் உனக்கு அங்கே சங்கடம் வரலாம். இன்னாருடைய பெண் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். போகிற முதல் நாளே உனக்கு இப்படி ஒரு சுமையைக் கட்டி அனுப்புகிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வேலனிடம் சொல்லச் சொல்லி உன்னை அனுப்பினால் அதுவும் பழைய புத்திதான், என் பாவத்தை மறுபடி உன் தலையில் கட்டுவது. அதை நானே போய்ச் சொல்ல வேண்டும். நீ போகிற திங்கட்கிழமை ரயிலிலேயே எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறேன், வேறு பெட்டியில். இதையெல்லாம் படித்த பிறகு என்னோடு ஒரே ஜீப்பில் அந்தப் பாலத்தைக் கடக்க உனக்கு மனசு வராமல் போகலாம். வரவில்லை என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் அடிவாரத்தில் இறங்கி பஸ்ஸில் வந்துகொள்கிறேன். வரலாம் என்றால் மட்டும் மாடியிலிருந்து ஒரு தடவை, நைனா என்று கூப்பிடு. நான் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன்.